மோட்டார்ஹோம் முன்பக்கம் தூக்கி அடிச்சா முதல்ல எடை போடுங்க, ஷாக் அப்புறம் வாங்கிக்கலாம்

அமெரிக்காவுல பெட்ரோல் மோட்டார்ஹோம், அதாவது லாரி சேசிஸ் மேல வீடு கட்டின வண்டி, வச்சிருக்கற யார்கிட்ட பேச்சு கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துல முன்பக்கம் ரொம்ப அடிக்குதுங்கங்கற புலம்பல் வந்துரும், அதுவும் வண்டி ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் மேல கட்டினதுன்னா கேக்கவே வேண்டாம். எங்களோடதும் அதே சேசிஸ்தான், பழைய வி10 இன்ஜின் வண்டி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஹூஸ்டன்ல இருந்து ஐ-10 ஹைவே பிடிச்சு கிழக்கால போய் லூசியானாவுக்குள்ள நுழைஞ்சா, ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஸ்டீயரிங் வழியா கைக்கும் சீட் வழியா முதுகுக்கும் வரும், பின்னாடி கிச்சன்ல பாத்திரம் எல்லாம் தனியா ஒரு கச்சேரி நடத்தும். இதுக்கு என்ன பண்ணலாம்னு யாரைக் கேட்டாலும் முதல் பதில் "ஷாக் அப்சார்பரை மாத்துங்க". நல்ல கம்பெனி ஷாக் நாலு போட்டு லேபரும் சேர்த்தா ஆயிரம் டாலர் சாதாரணமா போயிரும், போட்டு முடிச்சும் அதே அடி அடிக்கும், அப்ப அடுத்த ஆள் வந்து, வண்டி பக்கவாட்டுல சாயாம பிடிக்கற கம்பியைக் காட்டி, "ஸ்வே பார் மாத்திப் பாருங்களேன்"னு சொல்வார். இப்படியே பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டிட்டு கடைசில வண்டியையே வித்தவங்க எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க.

என் அபிப்பிராயத்துல ஷாக் இந்த வரிசைல நாலாவது இடம். முதல்ல எடை, அப்புறம் டயர் காத்து, அப்புறம் ஆக்ஸில் ஃப்ரேம்ல மோதாம தடுக்கற பம்ப் ஸ்டாப்ங்கற ரப்பர் கட்டை, அதுக்கு அப்புறம்தான் ஷாக். இந்த வரிசை சும்மா காசு கம்மியா இருக்கறதுல இருந்து ஆரம்பிக்கறது மட்டும் இல்ல, முன்னாடி இருக்கறதைச் சரி பண்ணாம பின்னாடி இருக்கறதைப் பார்த்தா ரிசல்ட்டே தப்பா காட்டும். டயர் கல்லு மாதிரி இருக்கும்போது புது ஷாக் நல்லா இருக்கா இல்லையான்னு உங்களால சொல்லவே முடியாது.

எஃப்-53ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு பாரா. ஃபோர்டு கம்பெனி வெறும் லாரி சேசிஸ் மட்டும் கொடுக்கும், ஃப்ரேம், இன்ஜின், ஆக்ஸில், பிரேக், அவ்ளோதான். சில வருஷம் முன்னாடி வரைக்கும் 6.8 லிட்டர் வி10, இப்ப 7.3 லிட்டர் வி8. மேல வீடு கட்டறது வேற கம்பெனி. முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் எல்லாம் கிடையாது, நம்மூர் லாரில பார்க்கற அதே சமாச்சாரம்தான், குறுக்கால ஒரே இரும்பு ஆக்ஸில், ரெண்டு பக்கமும் கமான் பட்டை. மொத்த எடை ரேட்டிங் 16,000 பவுண்டுல ஆரம்பிச்சு 26,000 வரைக்கும் பல சைஸ்ல வருது, ஒவ்வொண்ணுக்கும் பட்டையோட விறைப்பு மாறும். இப்ப வீடு கட்டற கம்பெனி கொஞ்சம் தாராளமா பெரிய ரேட்டிங் சேசிஸை எடுத்து அது மேல லேசான வீட்டைக் கட்டிட்டான்னு வைங்க, பட்டைக்கு வேலையே இல்ல, அது வளையாம நேரா நின்னு அடியை அப்படியே மேல அனுப்பும். போதாக்குறைக்கு இந்த வண்டிகள்ல டிரைவர் சீட் கிட்டத்தட்ட முன் ஆக்ஸில் மேலயே இருக்கு, பஸ்ல பின் சீட்ல உக்கார்ந்தா எப்படியோ அதுதான் இங்க டிரைவருக்கு.

சரி, வண்டிக்கு கீழ படுக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கு. "அடிக்குது"ன்னு நாம சொல்றது ஒரே வியாதி இல்ல, நாலு வியாதிக்கு ஒரே பேரு. ரோடு ஜாயின்ட்டுல டப்புனு சின்னதா கூர்மையா வந்து உடனே நின்னுருச்சுன்னா அது ஒண்ணு. பெரிய மேடு பள்ளத்துல மட்டும் டங்குனு இரும்புல இரும்பு மோதற மாதிரி வந்தா வேற ஒண்ணு. அடி லேசாத்தான் இருக்கு ஆனா அதுக்கப்புறமும் வண்டி மூக்கு மேலயும் கீழயும் ரெண்டு மூணு தடவை குதிச்சிட்டே போகுதுன்னா இன்னொண்ணு. நல்ல வழுவழு ரோட்டுலயும் ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல மட்டும் ஸ்டீயரிங் உதறுதுன்னா அது நாலாவது. முதலாவதுக்கு டயர் காத்தையும் பட்டையையும் சந்தேகப்படணும், ரெண்டாவதுக்கு பம்ப் ஸ்டாப்பை, மூணாவதுக்கு ஷாக்கை, நாலாவதுக்கு வீலை, அதாவது பேலன்ஸ், டயர் வட்டம் இல்லாம போறது, தேய்மானம் இதெல்லாம்.

டிரைவ் பண்ணிட்டே இதைப் பிரிச்சுப் பார்க்கறது கஷ்டம், கவனம் ரோட்டுல இருக்கணும். அதனால பக்கத்து சீட்ல இருக்கறவங்க கைல ஒரு நோட்டைக் கொடுத்துருங்க. எங்க வண்டில அந்த வேலை என் மனைவிக்கு, நான் எல்லாத்தையும் "அடிக்குது அடிக்குது"ன்னே சொல்லிட்டு இருந்தப்ப அவதான் "ஏங்க, இது டங்குனு வரல, அடிச்சதுக்கு அப்புறம் குதிச்சு குதிச்சு போகுது, அதுவும் உங்க பக்கம் இல்ல, என் பக்கம்தான்"னு சொன்னா. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்புன்னு ஷாக் கதைக்கு வரும்போது தெரியும்.

டெஸ்ட் பண்ண எங்களுக்கு அமைஞ்ச ரோடு லூசியானாவுல லஃபயெட்டுக்கும் பாட்டன் ரூஜுக்கும் நடுவுல இருக்கற அட்சாஃபலயா பாலம். சதுப்பு நிலத்துக்கு மேல 18 மைல் நீளம், வளைவு கம்மி, ஒரே மாதிரி ஜாயின்ட் வந்துட்டே இருக்கும், லேப் மாதிரி. இதுல ஸ்பீடை அஞ்சஞ்சு மைலா மாத்திப் பாருங்க, லிமிட்டுக்குள்ளதான், அங்க லிமிட்டே கம்மி. மணிக்கு 60 மைல்னா வினாடிக்கு 88 அடி, அதனால சாதாரண கான்கிரீட் ரோட்டுல 15 அடிக்கு ஒரு ஜாயின்ட் இருந்தா வினாடிக்கு ஆறு தடவை அடி விழும், ஸ்பீடைக் குறைச்சா அந்தத் தாளம் அப்படியே மெதுவாகும். தாளம் ஸ்பீடோட சேர்ந்து மாறுது, ரோடு மாறினா நிக்குதுன்னா அது ரோட்டுல இருந்து வர்றது. ரோடு எதுவா இருந்தாலும் 55ல இருந்து 60க்குள்ள மட்டும் உதறுது, அதுக்கு மேலயும் கீழயும் இல்லன்னா அது வீல்ல இருந்து வர்றது. இதைத் தெரிஞ்சுக்காம அலைன்மென்ட்டுக்கும் பேலன்ஸுக்கும் மாத்தி மாத்தி காசு கொடுக்கறதுல அர்த்தமே இல்ல.

இப்ப எடை. ஹைவே ஓரத்துல நிறைய டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு ஒரு எடை மேடை இருக்கும், மஞ்சள் கறுப்பு போர்டு. முன் வீல் முதல் தட்டுல, பின் வீல் ரெண்டாவது தட்டுல நிக்கற மாதிரி ஏத்தி, பட்டனை அமுக்கி சொன்னா எடை போட்டுக் கொடுப்பாங்க, ஏறக்குறைய 15 டாலர். முக்கியமான விஷயம், வண்டி டூருக்குப் போற கோலத்துலயே இருக்கணும், பெட்ரோல் ஃபுல், தண்ணி எப்பவும் எவ்வளவு எடுத்துட்டுப் போவீங்களோ அவ்வளவு, குடும்பம் உள்ள, அரிசி மூட்டை உள்ள. காலி வண்டியை எடை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இந்த டிக்கெட்ல முன் ஆக்ஸில் மொத்த எடை வரும், ஆனா இடது வீல் எவ்வளவு வலது வீல் எவ்வளவுன்னு வராது. அதுக்கு நாலு மூலையும் தனித்தனியா எடை போடற இடம் வேணும். எங்களுக்கு வசதியா ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன்ல எஸ்கேப்பீஸ்ங்கற ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டி) கிளப்போட தலைமை இடம் இருக்கு, அங்க ஸ்மார்ட்வேன்னு இதுக்குன்னே தனியா ஏற்பாடு வச்சிருக்காங்க, ஒவ்வொரு வீலுக்கும் எழுதிக் கொடுத்து அதுக்கு எவ்வளவு காத்து வேணும்னும் உக்கார வச்சு சொல்லித் தர்றாங்க. எங்க வண்டிக்கு முன்னாடி இடது 3,350 பவுண்டு, வலது 3,080. மொத்தம் 6,430, ஆக்ஸில் ரேட்டிங் 7,000. அதாவது ஓவர்லோடும் இல்ல, ரொம்ப லேசும் இல்ல. இந்தத் தகவலே பாதி சந்தேகத்தைத் தீர்த்துருச்சு, ஏன்னா முன் ஆக்ஸில் ரேட்டிங்கைத் தாண்டி இருந்தா பட்டை ஏற்கனவே அமுங்கி நிக்கும், ஒவ்வொரு பள்ளத்துலயும் பம்ப் ஸ்டாப்ல போய் மோதும். ரொம்ப கம்மியா இருந்தா பட்டை வளையாது. ரெண்டுமே டிரைவருக்கு "அடிக்குது"ன்னுதான் தெரியும், மருந்து மட்டும் நேர் எதிர்.

இன்னொண்ணும் எடை போட்டாத்தான் புரியும். ஆர்வில தண்ணி டேங்க், சாமான் அறை எல்லாம் நிறைய பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி தொங்கற பகுதில இருக்கும். ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டு, 60 கேலன்னா 500 பவுண்டு. வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல தூரம், 208 இன்ச் இருக்கற வண்டில அந்த டேங்க் பின் ஆக்ஸில்ல இருந்து ஆறு அடி பின்னாடி இருந்தா, சீசா பலகை கணக்குல முன் ஆக்ஸில்ல இருந்து 170 பவுண்டு கிட்ட தூக்கிரும். பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டு, அதுல நாலு சைக்கிள்னு மாட்டினா இன்னும் ஜாஸ்தி. முன்பக்கம் லேசாகி அடிக்கவும் செய்யும், வெளில காத்து வீசினா வண்டி அலையவும் செய்யும். கேம்ப்கிரவுண்டுல தண்ணி கனெக்‌ஷன் கிடைக்கும்னு தெரிஞ்சா டேங்க்ல கால்வாசி போதும்.

டயருக்கு வருவோம், எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான். டயர் பக்கச்சுவர்ல ஒரு நம்பர் போட்டிருக்கும், அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச சுமைக்கு இவ்வளவு காத்து வேணும்னு. அது உங்க வண்டிக்கான நம்பர் இல்ல, டயருக்கான நம்பர். ஆனா டயர் கடைல பெரும்பாலும் அதைத்தான் பார்த்து அடிப்பாங்க. எங்களோடது 245/70ஆர்19.5 சைஸ், முன்னாடி நான் சர்வீஸுக்குக் கொடுத்த ஒரு கடைல 110 பிஎஸ்ஐ அடிச்சு அனுப்பிட்டாங்க, கேட்டா "அதுதாங்க சேஃப்". லாயர் பயத்துல சேஃப், அவ்வளவுதான். டயர் கம்பெனிகளே ஒவ்வொரு சைஸுக்கும் லோடு டேபிள் போட்டிருக்கு, இவ்வளவு எடைக்கு குறைஞ்சபட்சம் இவ்வளவு காத்துன்னு. ஒரு ஆக்ஸில்ல எந்த வீல் அதிக எடையோ அதுக்கான நம்பரை எடுத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவு அடிக்கணும், இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணுன்னு அடிக்கக் கூடாது. அதுக்கு மேல ஒரு 5 பிஎஸ்ஐ கூட்டிக்கறது பல பேர் பழக்கம், எனக்கும் அதுதான் நிம்மதி. எங்க 3,350க்கு டேபிள் பார்த்து, அஞ்சு கூட்டி, 80ல வந்து நின்னோம்.

110ல இருந்து 80. டயரோட விறைப்பு கிட்டத்தட்ட உள்ள இருக்கற காத்தழுத்தத்தோட சேர்ந்து ஏறி இறங்கற சமாச்சாரம், அதனால கால்வாசிக்கும் மேல விறைப்பு குறைஞ்சிருச்சுன்னு வச்சுக்கலாம். ஒத்த டாலர் பார்ட் வாங்காம, அதே பாலத்துல அந்த டப் டப் பாதியா ஆச்சு. பாத்திரக் கச்சேரி மட்டும் குறையல, அதுக்கு ஷெல்ஃப்ல ரப்பர் ஷீட் போட்டா போதும், சஸ்பென்ஷன் தேவையில்ல.

ஆனா இதை அரைகுறையா கேட்டுட்டு எடை போடாம காத்தை இறக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். முன் டயர் வெடிச்சா இந்த சைஸ் வண்டியைப் பிடிச்சு நிறுத்தறது விளையாட்டு இல்ல, காத்து கம்மியா ஓடற டயர் சூடாகித்தான் வெடிக்கும். டேபிள் நம்பருக்கு கீழ ஒரு பிஎஸ்ஐ கூட போகக் கூடாது. காத்து பார்க்கறது காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, வெயில் டயர்ல படறதுக்கு முன்னாடி. ஓடிட்டு இருக்கும்போது பிரஷர் ஏறத்தான் செய்யும், ஏறிருச்சேன்னு நிறுத்தி இறக்கி விடாதீங்க, டேபிளே குளிர்ந்த டயருக்குத்தான் எழுதினது. 10 டிகிரி ஃபாரன்ஹீட் மாறினா 2 பிஎஸ்ஐ கிட்ட மாறும், ஹூஸ்டன் வெயில்ல அடிச்சுட்டு கொலராடோ மலைக்குப் போய் காலைல பார்த்தா கணிசமா இறங்கி இருக்கும், அங்க திரும்ப அடிக்கணும். இன்னொரு உண்மையும் சொல்லிடறேன், காத்து இறக்கினதும் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமான மாதிரி இருந்துச்சு, திருப்பினா முன்னை விட ஒரு நொடி யோசிச்சுத் திரும்பற மாதிரி. பழகிருச்சு. சொகுசும் கூர்மையும் ஒரே டயர்ல கிடைக்காது.

டயர் வயசையும் இதே சாக்குல பாத்துருங்க. டாட்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசைல கடைசி நாலு நம்பர், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 3819னா 2019ம் வருஷம் 38வது வாரம். மோட்டார்ஹோம் டயர் ஓடித் தேயறதை விட நின்னு கெடறதுதான் அதிகம், டயர் பட்டன் அப்படியே புதுசா இருக்கும், ரப்பர் உள்ள காஞ்சு விறைச்சுப் போயிருக்கும்.

பம்ப் ஸ்டாப். பட்டை முழுசா அமுங்கும்போது ஆக்ஸில் போய் ஃப்ரேம்ல மோதாம இருக்க நடுவுல ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது எப்பவாவது, பெரிய பள்ளத்துல மட்டும் தொடணும். சாதாரண ரோட்டுலயே தொட்டுட்டு இருந்தா அப்பறம் உங்க வண்டில பட்டையே இல்லங்கற மாதிரிதான். தொடுதா இல்லையான்னு கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் எல்லாம் வேணாம், குழந்தைங்க விளையாடற கலர் களிமண் கொஞ்சம் எடுத்து ரப்பர் கட்டை முனைல ஒட்டி விட்டுட்டு நீங்க எப்பவும் போற ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்து பாருங்க. களிமண் அப்படியே இருந்தா தொடல. நசுங்கி இருந்தா தொட்டிருக்கு. எங்களோடது ரெண்டு பக்கமும் அப்பளம் ஆகியிருந்துச்சு, நெடுஞ்சாலை கூட இல்ல, வீட்டுல இருந்து மளிகைக் கடை வரைக்கும் போயிட்டு வந்ததுக்கே.

எடை ரேட்டிங்குக்குள்ளதானே இருக்கு, பட்டை தொங்கியும் போகல, அப்பறம் ஏன் தொடுதுன்னு கீழ குனிஞ்சு பார்த்தா, இருக்கறது கம்பெனி ரப்பர் கட்டையே இல்ல. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல பெரிய பாலியூரித்தேன் கட்டை மாட்டி வச்சிருக்கார். இது தப்பான பொருள் இல்ல, முன்பக்கம் கனமா இருக்கற வண்டிக்கு, பள்ளத்துல மூக்கு குத்தற வண்டிக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா லோடு ஏத்தி நிக்கும்போது அதுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும், எவ்வளவுன்னு அதோட குறிப்புலயே போட்டிருக்கும். எங்க வண்டில ஒரு விரல் கூட நுழையல. அப்ப ரோட்டுல வர்ற ஒவ்வொரு சின்ன அடியும் பட்டைக்குப் போகாம நேரா கட்டை வழியா ஃப்ரேமுக்கு. கழட்டிட்டு பழைய மாதிரி சாதாரண ரப்பர் கட்டையே மாட்டினோம், அந்த டங் சத்தம் போயே போச்சு. காத்துக்கு அடுத்து பெரிய வித்தியாசம் தெரிஞ்சது இதுலதான், செலவு ரெண்டு ரப்பர் கட்டை.

கீழ போறதைப் பத்தி சொல்லும்போதே இதையும் சொல்லிடறேன். மோட்டார்ஹோம்ல நிறுத்தி சமமாக்கறதுக்குன்னு ஹைட்ராலிக் லெவலிங் ஜாக்கி இருக்கும், பட்டனை அமுக்கினா வண்டியே தூக்கும், அதைத் தூக்கி விட்டுட்டு கீழ நுழையற ஆளுங்களை நானே பார்த்திருக்கேன். அது மேல உயிரை வைக்காதீங்க. ஹோஸ் ஒண்ணு வெடிச்சா ஏழு டன் இறங்கும். கீழ போகணும்னா ஃப்ரேமுக்கு கீழ எடைக்கு ஏத்த ஸ்டாண்டு, பின் வீலுக்கு கட்டை, சமதள கான்கிரீட் தரை, இதெல்லாம் இல்லன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஏர் சஸ்பென்ஷன் (பட்டைக்குப் பதிலா காத்துப் பை) வண்டின்னா இன்னும் மோசம், பை காத்து இறங்கினா ஃப்ரேம் சத்தமே இல்லாம உக்காரும்.

இப்பதான் ஷாக். கார்ல பண்ற மாதிரி பம்பரை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு பார்க்கறது இந்த எடைல நடக்கற காரியமா. எண்ணெய் ஒழுகி இருந்தா கண்ணுக்குத் தெரியும், ஒழுகாமயும் செத்துப் போயிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி சூடு பார்க்கறது. ஷாக்கோட வேலையே ஆட்டத்தை சூடா மாத்தறதுதான், அதனால குலுக்கற ரோட்டுல அரைமணி நேரம் ஓட்டிட்டு இறங்கி உடனே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நாலு ஷாக் மேலயும் காட்டினா, வேலை செய்யறது வெதுவெதுன்னு காட்டும், செத்தது பக்கத்துல இருக்கற ஃப்ரேம் எவ்வளவோ அவ்வளவே காட்டும். எக்ஸாஸ்ட் பைப் பக்கத்துல இருக்கறதும் வெயில் படறதும் ஏமாத்தும், அதைக் கணக்குல எடுத்துக்கணும். எங்க வண்டில இடது முன்னாடி நல்ல சூடு, வலது முன்னாடி ஜில்லுனு இருந்துச்சு. வலதுன்னா பக்கத்து சீட் பக்கம். நோட்டுல எழுதினது ஞாபகம் இருக்குல்ல.

உறுதி பண்ண ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டிங்கற ஊர் பக்கம் லாரி வேலை பார்க்கற ஒரு மெக்சிகன் பெரியவர்கிட்ட போனோம், அவர் கீழ் போல்ட்டைக் கழட்டி கையால அமுக்கிக் காட்டினார். கேஸ் சார்ஜ் பண்ணின மோனோடியூப் ஷாக் அமுக்கி விட்டா தானாவே மெதுவா நீளணும், அதுவும் அமுக்கறதுக்கே நல்லா பலம் வேணும். எங்களோடது அமுக்கின இடத்துலயே தூங்கிருச்சு. ஷாக் மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும், ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி நடக்கும்.

பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கா கோனி கம்பெனி ஷாக்கான்னு ஒரு தீராத சண்டை இருக்கு. கோனில எஃப்எஸ்டின்னு ஒரு வகை, சின்ன வேகமான அதிர்வுக்கு இளகியும் மெதுவான பெரிய ஆட்டத்துக்கு இறுகியும் நிக்கற மாதிரி உள்ள வால்வு வச்சது. ஜாயின்ட் ரோட்டுல அதிகம் ஓடறவங்களுக்கு அது சுகம்னு நான் நினைக்கறேன், மலைப்பாதைல திருப்பத்துல வண்டி சாயறதுதான் பிரச்சினைன்னா பில்ஸ்டீனே போதும். ரொம்ப இறுக்கமான ஷாக் போட்டாலும் அடி ஜாஸ்தியாகும்ங்கறதை மறந்துட்டு, விலை கூடினா சொகுசு கூடும்னு நினைச்சு வாங்கறாங்க, அப்படி ஒரு விதி கிடையாது. நாங்க முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினோம், பின்னாடி ரெண்டும் நல்லா சூடா இருந்துச்சு, அதை எதுக்குத் தூக்கிப் போடணும்.

மிச்சம் இருக்கறது வேகமா பார்த்துடலாம். பட்டை புஷ், ஷாக்கிள் (பட்டை முனையை ஃப்ரேமோட சேர்க்கற துண்டு) புஷ் எல்லாம் கடப்பாரை வச்சு நெம்பினா ஆட்டம் தெரியும். ஷாக்கிள் துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தா பட்டை நீளவே இடம் இருக்காது, மழைலயும் உப்பு போட்ட ரோட்டுலயும் ஓடின வண்டில இதை முதல்ல பாருங்க. யூ போல்ட் நட்டு டார்க் சரியா இருக்கான்னு ஒரு தடவை. முன் வீல் திரும்பறதுக்கு அச்சா இருக்கற கிங்பின்னுக்கு வீலைத் தூக்கிட்டு டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பார்க்கணும், அதுக்கு கிரீஸ் அடிக்கறதும் வீல் தரைல இருந்து தூக்கி இருக்கும்போதுதான், எடை ஏறி இருந்தா கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. டைராடு எண்டையும் அப்படியே ஆட்டிப் பாத்துருங்க. இதெல்லாம் தேஞ்சிருந்தா அடி மட்டும் இல்ல, லொடலொடன்னு சத்தமும் ஸ்டீயரிங் லூசா ஆடறதும் சேர்ந்தே வரும்.

தடிமனான ஸ்வே பார், ஸ்டீயரிங் டேம்பர், டிராக் பார் இதெல்லாம் அடிக்கறதுக்கு மருந்தே இல்ல, சாயறதுக்கும் அலையறதுக்கும்தான். எஃப்-53ல ஸ்வே பார் லிங்க்கை அடுத்த ஓட்டைக்கு மாத்தி மாட்டற ஒரு ஓசி வைத்தியம் ரொம்ப ஃபேமஸ், பக்கத்துல லாரி போகும்போது வண்டி தள்ளாடறதுக்கு அது நிஜமாவே நல்லது, ஆனா ஸ்வே பார் இறுக இறுக ஒரு பக்க வீல் மட்டும் பள்ளத்துல இறங்கினா அந்த அடி அடுத்த பக்கத்துக்கும் போகும். அடிக்குதுன்னு வர்றவங்ககிட்ட அதைச் செய்யச் சொல்றது எனக்குப் புரியல.

வேற சேசிஸ் வச்சிருக்கறவங்களுக்கு. பழைய ஷெவி பி30, அதுக்கு அப்புறம் வொர்க்ஹார்ஸ் பேர்ல வந்த அதே ரகம்னா முன்னாடி காயில் ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு உள்ள ஒரு காத்துப் பை இருக்கும், நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. வண்டி மூக்கு தொங்கி, பள்ளத்துல எல்லாம் டங் டங்னா அந்தப் பை ஓட்டை ஆகியிருக்கும், வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அதுக்கு காத்து அடிச்சு அடுத்த நாள் நிக்குதான்னு பாருங்க. டீசல் இன்ஜின் பின்னாடி இருக்கற ஏர் சஸ்பென்ஷன் வண்டின்னா ரைடு ஹைட், அதாவது வண்டி நிக்கற உயரம், அளக்கணும், அதைக் கட்டுப்படுத்தற வால்வு லிங்க் வளைஞ்சிருந்தா பை ரொம்ப உயரமாவோ ரொம்பத் தாழ்ந்தோ நிக்கும், ரெண்டுலயும் அடிக்கும், என்ன ஷாக் போட்டாலும் தீராது. வேன் மூக்கு வச்ச ஃபோர்டு இ-450 வண்டிகள்ல ரேடியஸ் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்க. எடையும் டயர் காத்தும் மட்டும் எல்லாருக்கும் பொது.

எங்க வண்டில அந்த டப், டங், குதியாட்டம் மூணும் அடங்கினதுக்கு அப்புறம் அதுவரைக்கும் அந்தக் களேபரத்துல தெரியாம இருந்த ஒரு சின்ன உதறல் 55 பக்கத்துல தலைகாட்டுச்சு, காலைல கிளம்பின கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இருக்கும், டயர் சூடானதும் குறைஞ்சிரும். ரொம்ப நாள் ஒரே இடத்துல நின்ன டயர்ல தரை பட்ட பக்கம் தட்டையாகற விவகாரம் அது. டயர் நாள் எண்ணிட்டு இருக்கு, பேலன்ஸுக்குக் காசு கொடுக்கற மாதிரி இல்ல, இந்த வருஷக் கடைசில முன்னாடி ரெண்டும் மாத்தப் போறோம், மாத்தினதும் திரும்ப லிவிங்ஸ்டன் போய் எடை போட்டுட்டு அந்த டயரோட டேபிளைப் பார்த்துத்தான் காத்து. கடைக்காரர்கிட்ட 110 வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டே வண்டியை விடறதா இருக்கேன்.